நீல வாளியில் இருபது வீடு

புள்ளிவிபர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் முதலில் சொல்ல வேண்டியது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் வாளியைப் பற்றி. உங்களுக்குத் தந்திருக்கும் பயிற்சிக் கையேட்டில் அந்த வாளி இருக்காது. கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன், வெட்கத்தில் விட்டுவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி யாரும் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பதுளையில் இருந்துகொண்டு ஊவா முழுவதும் சுற்றியவன் நான். பாதிக் காலம் கணக்கெடுத்தேன். மீதிக் காலம் கணக்கெடுப்பவர்களுக்கும், எடுத்த கணக்கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்தேன். பயிற்சி என்றால் நான்கு நாள் பட்டறை. முதல் நாள் மேடையில் பதாகை கட்டுவதிலும் புரொஜெக்டர் வேலை செய்யாததிலும் போய்விடும். இரண்டாம் நாள்தான் பாடம். மூன்றாம் நாள் களப்பயிற்சி. நான்காம் நாள் எல்லோருடைய கண்ணும் சான்றிதழிலும் கடைசி பஸ்ஸிலும் இருக்கும். ஆகவே ஒரு பயிற்றுநருக்குப் பாடம் நடத்த உண்மையில் கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் கெட்டிக்காரத்தனம் காட்டப் போனவனுடைய கதை இது.

அந்தப் பட்டறைக்கு இருபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களின் சேமநல உத்தியோகத்தர்கள், மருத்துவ மாதுகள், முன்பள்ளி ஆசிரியைகள், மொனராகலையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்த இரண்டு எழுதுவினைஞர்கள். வீடு வீடாகப் போய் மக்களுடைய வசிப்பிட நிலைமையை விசாரிப்பது எப்படி என்பதுதான் பாடம். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. சிலதைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அந்தத் தெரிவு எழுமாறாக இருக்க வேண்டும், அதாவது ஆள் பார்த்து முகம் பார்த்துப் பொறுக்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு தோட்டத்தின் வீட்டுப் பட்டியலையும் வரைபடத்தையும் கொடுத்து, பத்து வீட்டை எழுமாறாக எடுங்கள் பார்க்கலாம் என்றேன்.

இருபத்து நான்கு பேரும் எடுத்தார்கள். எல்லாம் வீதியோரத்து வீடுகள். மேட்டு லயத்தில், அதாவது மேட்டில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒன்றுகூட இல்லை. ஏன் பதினாலாம் இலக்கத்தை ஒருவரும் தொடவில்லை என்று கேட்டேன். அந்தத் தோட்டத்துக்குப் போய் வரும் மருத்துவ மாது எழுந்து நின்று, "அந்த வீட்டுல நாய் இருக்கு சேர்," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருடமாக நாம் அரசாங்கத்துக்கு அனுப்பி வந்தது, நாய் இல்லாத வீடுகளின் புள்ளிவிபரமோ என்னவோ.

கையில் இருந்த டெப்லட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே பத்து வீட்டைத் தெரிவு செய்து கொடுக்கும். செய்தும் காட்டினேன். மொனராகலை எழுதுவினைஞர் ஒருவர், "அது யாரு செட் பண்ணினதுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் உடனே ஒரு யோசனையும் வரும். அந்த யோசனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்கும்படி ஆகியிருக்கிறது.

அன்று புதன்கிழமை. மறுநாள் களப்பயிற்சிக்கு ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை ஒழுங்கு செய்திருந்தோம். பெயர் வேண்டாம். அன்று மாலையே பயிற்சிக்கு வந்தவர்களை அங்கே கூட்டிப் போய், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், மக்கள் முன்னிலையில், வீட்டு இலக்கங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி ஒரு வாளியில் போட்டுக் குலுக்கி இருபதை எடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். கண்ணால் கண்டால் நம்புவார்கள் அல்லவா?

பட்டறைக்கு வந்திருந்த முன்பள்ளி ஆசிரியைகளில் வசந்தி என்ற பிள்ளை அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். அவள் கையை உயர்த்தினாள்.

"சேர், வாளி வேணாம் சேர். எங்க தோட்டத்துல வாளின்னா..."

"கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள் தங்கச்சி," என்றேன்.

இந்த வாக்கியத்தை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி, நன்றாகக் குறுக்குக் கோடு போடுங்கள். கடைசியில் அவளுக்கு நேரம் கொடுத்தேனா என்றால், இல்லை. ஜீப் காத்துக்கொண்டிருந்தது.

நான் பதுளை டவுன் கடைக்காரன் பிள்ளை. அப்பாவுக்குப் புடவைக் கடை. தோட்டத்து மக்கள் கடைக்கு வருவார்கள், நாங்கள் பேசுவோம் சிரிப்போம். ஆனால் லயத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்குப் படிவங்களில் தெரிந்த அளவுதான். வசந்தி சொல்ல வந்ததை ஒரு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தோட்டத்தில் ஏழு தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் நூற்றுக்கு மேல். சண்டை வரக்கூடாது என்று அதே பெரட்டுக் களத்தில், வாளியில் பெயர் போட்டுக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்து வரலாற்றில் குலுக்கிக் கொடுக்கப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். அது வீடு.

இது தெரியாமல் நான் பிள்ளைக் காம்பராவிலிருந்து, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்திலிருந்து, நீல வாளியை இரவல் வாங்கிக்கொண்டு களத்தில் போய் நின்றேன். கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல குரல்வளம். இப்படி ஒரு நல்ல காரியம் மைக் இல்லாமல் நடக்கக்கூடாது என்று கோயில் மைக் செட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அது வரும்வரை நான் விளக்கம் சொன்னேன். இது வெறும் பயிற்சி, யாருக்கும் எதுவும் கிடைக்காது, இருபது வீட்டில் கேள்வி கேட்கப் போகிறோம், அவ்வளவுதான் என்று தெளிவாக, நல்ல தமிழில் பத்து நிமிடம் பேசினேன். அது முன்னால் நின்ற நாலைந்து பேருக்குக் கேட்டிருக்கும். நான் பேசி முடிக்கவும் மைக்குக்கு உயிர் வரவும் சரியாக இருந்தது. தலைவர் ஒவ்வொரு கடதாசியாக எடுத்து இலக்கத்தை வாசித்தார். அது அடுத்த மலை வரைக்கும் கேட்டது.

முதல் இலக்கத்துக்கே கைதட்டல். மூன்றாவது இலக்கத்துக்கு ஒருவர் விசில் அடித்தார். பதினொன்றாவது இலக்கம் வந்ததும் ஒரு பெண் கூடையோடு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருப்பீங்க சேர்," என்று அழுதார். அவர் பாக்கியம் என்றும், வசந்தியின் அம்மா என்றும் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புள்ளிவிபரத்துக்கு இவ்வளவு வரவேற்பை என் சேவைக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. பயிற்சிக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போல் தலையை அசைத்தேன். வசந்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை இருபத்து நான்கு பேரும் படிவங்களோடு லயங்களுக்குப் போனார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, வரும் படிவங்களைச் சரிபார்த்தேன். முதல் படிவத்தில் ஒரே அறையில் பதினான்கு பேர். இரண்டாவதில் பன்னிரண்டு. பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த மகள், கொழும்பில் வேலை செய்யும் மகன், சவூதிக்குப் போன அக்கா என்று எல்லோரும் இரவோடிரவாக அந்த லயங்களுக்குக் குடிவந்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தின் சனத்தொகை ஒரே இரவில் இரண்டு மடங்காகிவிட்டது. மருத்துவ மாது வந்து நாற்காலியில் சாய்ந்தார். போன வீட்டில் எல்லாம் வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நின்றார்களாம். தெரிவு செய்யப்படாத வீட்டுக்காரர்களோ நம் ஆட்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்தே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு விஷயத்தைச் சொன்னவர் எங்கள் டிரைவர். பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், நான் வேலைக்கு வந்த நாள் முதல் தெரியும். பயிற்சி எதுவும் எடுக்காமலேயே மனிதர்களை எடைபோடத் தெரிந்தவர். கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இருவது வீடு குடுக்கிறீங்களாம் சேர். இவ்வளவு காலம் உங்களோட ஓடியிருக்கேன், எனக்கு ஒண்டு வைக்கல்லயே."

"என்ன வீடு?"

அவர் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்தேன். எதிர் லயத்தில் ஒருவர் தன் ஆட்டுக் கொட்டிலைப் பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். புது வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் இருக்குமாம், அங்கே கட்டிக்கொள்ளலாமாம். ஆடுகள் இரண்டும் மழைத் தூறலில் நின்று என்னைப் பார்த்தன.

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு கடிதம் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினால் என்ன என்று முதலில் யோசித்தேன். மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து உத்தரவு கேட்டால் என்ன என்று அடுத்து யோசித்தேன். களப்பயிற்சி முடிந்துவிட்டது என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். அதைத்தான் கூடுதல் நேரம் யோசித்தேன். டிரைவர் வாசலிலேயே நின்றார்.

"மைக் செட் இன்னும் கோயிலுக்குப் போகல்ல சேர்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அதே களத்தில், அதே மைக்கில், நானே சொன்னேன். இந்த முறை மைக் வேலை செய்கிறதா என்று மூன்று தடவை ஊதிப் பார்த்தேன். வீடு இல்லை, குலுக்கியது கேள்வி கேட்பதற்காக, நான் யோசிக்காமல் செய்த பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அப்ப எதுக்குய்யா நம்பரு எடுத்தீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு தெரிவு செய்யப்படாத வீட்டுக்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் சிரித்தார்கள். ஆட்டுக் கொட்டில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவரும் மொனராகலை எழுதுவினைஞர்கள் இருவரும் போய் இருட்டும் முன் அவருக்குக் கொட்டிலைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜீப்பில் ஏறப் போகும்போது தலைவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"சேர், ஒரு ஒதவி. தெமோதரைக்காரங்களுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

"எந்தத் தெமோதரைக்காரர்கள்?"

பாக்கியம் அவருடைய தங்கை. வசந்திக்கு அவர் தாய்மாமன். தெமோதரையில் ஒரு தோட்டத்திலிருந்து வசந்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் பண்டாரவளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. பெண்ணைப் பிடித்திருந்தது, ஆனால் பையனின் அம்மா ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுப் போனார். தங்கள் ஒற்றை அறையில் ஏற்கெனவே மூத்த மகன் குடும்பம் இருக்கிறது, இன்னொரு மருமகளை வைக்க இடமில்லை, பிறகு பார்ப்போம் என்று. அந்தப் பிறகு பத்து மாதமாக வரவே இல்லை. புதன்கிழமை இலக்கம் வாசித்த கையோடு பாக்கியம் தெமோதரைக்குத் தொலைபேசி எடுத்து, எங்களுக்கு வீடு விழுந்துவிட்டது, பிள்ளைகள் இரண்டும் எங்களோடேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பண்ண வருகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"தோட்டத்துல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க சேர். நான் சொல்லிட்டேன். நீங்களும் ஒண்ணும் பேச வேணாம், சும்மா இருந்தாப் போதும். தட்டு மாத்திட்டா பெறகு பாத்துக்கலாம்."

அன்று காலை பாக்கியத்தின் வாசலில் மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசியவர்கள்கூட இப்போது அவருக்காக வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஒரு தோட்டமே சேர்ந்து ஒரு கல்யாணத்துக்காகப் பொய்யைக் காப்பாற்றுகிறது. எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சரி என்றேன். சும்மா இருப்பது உத்தியோகத்தர்களுக்குப் பழகிய வேலை.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுத்தோம். எல்லோரும் போன பிறகு வசந்தி என் மேசைக்கு வந்தாள்.

"சேர், ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வரணும்."

"எதற்கு?"

"எங்க வீட்டுப் படிவம் நிரப்பல. வியாழக்கிழம அம்மா கதவப் பூட்டிட்டு டவுனுக்கு சீல எடுக்கப் போயிட்டாங்க. இருவதுல ஒண்ணு கொறஞ்சா பெழன்னு நீங்கதான சொன்னீங்க."

இது பயிற்சிதான், ஒன்று குறைந்தால் பரவாயில்லை என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். இந்த முறை கேட்டேன்.

"அவங்ககிட்ட நான் சொன்னா, கல்யாணத்தக் கலைக்கப் பாக்குறேன்னு அம்மா சொல்லுவாங்க. மாமா சொல்ல மாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாங்க சேர்."

"சொன்னால் அவர்கள் எழும்பிப் போய்விடுவார்களே. உனக்குப் பையனைப் பிடிக்கவில்லையா?"

"புடிச்சிருக்கு," என்றாள். கண் கலங்கிவிட்டது. "அதனாலதான் பயமா இருக்கு. இல்லாத வீட்ட நம்பி வந்தவங்ககிட்ட நான் எப்படிப் போயி நிக்கிறது? நாளைக்கு அவரு கேட்டா என்ன சொல்றது?"

நான் எத்தனையோ இயக்குநர்களுக்கு முன்னால் நின்று எண்களுக்குப் பொறுப்புச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றபோது பட்ட கூச்சத்தை அங்கெல்லாம் படவில்லை. வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவருக்கு விடுமுறை. ஆனாலும் தன் சொந்தச் செலவில் பஸ் பிடித்து என்னோடு வந்தார். இதைப் பார்க்காமல் இருந்தால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்றார். நாங்கள் போனபோது வெற்றிலைத் தட்டுகள் வந்து பாயில் வரிசையாக இருந்தன. பையனும் அவன் அப்பாவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பையனின் அம்மா. தெமோதரைப் பக்கம் நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். பேச்சும் அதே வேகம். என்னைக் கண்டதும் பாக்கியத்தின் முகம் செத்துப் போயிற்று. தலைவர் கூரையைப் பார்த்தார்.

"இவருதான் வீடு குடுத்த சேரா?" என்று எழுந்து நின்ற பையனின் அம்மா, அந்த வீட்டின் ஒரே நாற்காலியைத் தன் கையால் துடைத்து எனக்குப் போட்டார். அதில் உட்காருவதுதான் அன்று நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை.

"அம்மா, எழுமாறாகத் தெரிவு செய்வது என்று ஒரு முறை இருக்கிறது," என்று தொடங்கினேன். மொத்த வீடுகள், அதில் ஒரு பகுதி, எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று விரிவாகப் போனேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிங்க சேர். எப்பக் கட்டி முடியும்?"

மறுபடி தொடங்கினேன். பயிற்சிப் பட்டறைகளின் நோக்கம் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். டிரைவர் வாசலில் நின்று இருமினார். தம்பிமாரே, தங்கச்சிமாரே, கெட்ட செய்தி சொல்லப் போகும்போது விளக்கத்தை முன்னால் வைக்காதீர்கள். விளக்கம் யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். அன்று அது எனக்காகத்தான் இருந்தது.

"வீடு இல்லம்மா," என்றேன். "நான் வாளியைக் குலுக்கியதைப் பார்த்து இவங்க வீடு என்று நினைத்துவிட்டாங்க. பாக்கியம் உங்களுக்குப் போன் எடுத்தபோது பொய் சொல்லல்ல. பிழை என்னுடையது. என்னிடம் இருப்பது கேள்விகள் மட்டும்தான்."

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சமையல் பக்கத்துத் தடுப்புக்குப் பின்னால் கோப்பைகள் அடுக்கும் சத்தம் நின்றது. பையனின் அம்மா என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"இம்புட்டுக் கலவரத்துக்கும் காரணம் இந்தக் கடதாசியா?"

"ஆமாங்க."

"அதுல அப்படி என்னதான் கேக்குறீங்க? கேளுங்க பாப்போம்."

போகிறவர்கள் போவதற்கு முன் எதற்காக வந்தோம் என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்பது போலத்தான் சொன்னார். பதற்றத்தில் நான் இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"எத்தனை அறை?"

"ஒண்ணு," என்றார் பாக்கியம். குரலே எழும்பவில்லை. "முன்னால இஸ்தோப்புத் திண்ணை. அதுல வசந்தியோட தம்பிமாரு படுப்பாங்க."

"எங்களுக்கும் அதே கததான்," என்றார் பையனின் அம்மா.

"கூரை ஒழுகுமா?"

"ரெண்டு எடத்துல ஒழுகும்."

"எங்களுக்கு நாலு எடத்துல."

"தண்ணீர்?"

"பீலியில புடிக்கிறோம். எட்டு வீட்டுக்கு ஒரு பீலி."

"எட்டு வீடுதானா?" பையனின் அம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "எங்க பீலிக்கு பதினோரு வீடு. வெயில் காலத்துல அதுவும் நூலாத்தான் வரும்."

கேள்விக்குக் கேள்வி இப்படியே போயிற்று. கழிப்பறை, விறகு, மண்சரிவுப் பயம் என்று எதிலும் பாக்கியத்தை அவர் முந்தவிடவில்லை. நானும் யார் வீட்டுப் படிவம் இது என்பதை மறந்துவிடாமல் இருக்கப் பாடுபட்டேன். கடைசியில், இட நெருக்கடியால் குடும்பத்துக்குள் சிரமங்கள் ஏற்படுகின்றனவா என்ற கேள்வி வந்தது. பாக்கியம் வாய் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"சிரமம் என்ன சேர் சிரமம்? அதெல்லாம் மனசுல இருக்கு. நாங்க ஒரே காம்பராவுல ஏழு பேரு. நானும் இவரும், பெரியவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, இந்தா இவன். ஒரு நாளாவது சண்ட சச்சரவு உண்டான்னு எங்க லயத்துல வந்து கேட்டுப் பாருங்க. நடுவுல தெர கட்டியிருக்கோம். ஏழு பேரும் சமாளிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

வசந்தி தேத்தண்ணித் தட்டோடு தடுப்புக்கு வெளியே வந்தாள். முதல் கோப்பையைப் பையனின் அம்மாவுக்கு நீட்டினாள்.

"அப்ப எட்டுப் பேருன்னாலும் சமாளிக்கலாம்ல அத்த?"

அதுவரை வாயே திறக்காமல் இருந்த பையனுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய் இருமல் வந்து, அவன் அப்பா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வாசலில் டிரைவர் திரும்பி மலையைப் பார்த்து நின்றுகொண்டார். பையனின் அம்மா கோப்பையை வாங்காமல் வசந்தியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார்.

யாராவது ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. என்னிடம் இருந்தது முதல் பக்கம்தான். அதைத் திருப்பினேன்.

"இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர்?"

"ஆறு," என்றார் பாக்கியம்.

"அஞ்சுன்னு போடுங்க சேர்," என்றார் பையனின் அம்மா. "தை பொறந்தா அவ எங்க வீட்டுக் கணக்கு."

பாக்கியம் விம்மினார். தலைவர் ஒருவழியாகக் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். ஆனால் நான் முப்பது வருடத்து உத்தியோகத்தன். இன்றைக்கு யார் இந்த வீட்டில் இருக்கிறார்களோ அவர்களைத்தான் இங்கே எழுதலாம், வரப்போவதையெல்லாம் எழுத முடியாது, ஆகவே ஆறு என்றுதான் போட வேண்டும் என்று அந்த நேரத்திலும் விதியைச் சொன்னேன்.

பையனின் அம்மா படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"சரி, ஆறுன்னே போடுங்க. பென்சிலால போடுங்க."

படிவத்தில் பென்சில் படவே கூடாது என்று எத்தனை பட்டறையில், எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த இருபத்து நான்கு பேருக்கும் சொல்லியிருந்தேன், அவர்களில் ஒருத்தி தட்டோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பென்சில் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டேன்.